மஞ்சள் மாத்திரையைத் தடை செய்த ஊர்

இதில் எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நடந்தது நடந்தபடி எழுதுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். அண்ணா, கடிதம் அம்மாவுடையது. கையெழுத்து மட்டும் உன் தங்கை செல்வியுடையது. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். பஞ்சாயத்தில் உறுப்பினரான பிறகு நான் சொல்லிக்கொடுத்தது. அதற்கு மேல் வராது. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் பேசுவதைப் புத்தகத் தமிழில் மாற்றிக்கொள்கிறேன். ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் அவரவர் பேசியபடியே விட்டுவிடுகிறேன். ஒரு பிரதி உனக்கு, இன்னொரு பிரதி நம் ஊர்ப் படிப்பகத்துப் பலகையில் ஒட்ட. ஊரும் படிக்கட்டும் என்கிறாள். இனிமேல் ‘நான்’ என்று வருவதெல்லாம் அம்மா.

கதிரு, மெஷினை லாரியில் ஏற்றி முடித்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். நேரில் சொன்னால் சிரிப்பாய். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சிரிக்கிறாய். அது உன் சிரிப்பா, மாத்திரையின் சிரிப்பா என்று பெற்றவளான எனக்கே தெரிவதில்லை. போன வாரம் பள்ளிக்கூடத்தில் விழா வைத்து, மாத்திரை ஷெட்டை மூட வைத்தவள் என்று எனக்குத் துண்டு போர்த்தினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மைக்கில் என்னைத் தாயே என்றெல்லாம் சொன்னார். கழுத்தில் துண்டோடு நின்றுகொண்டு கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன். நீ வரவில்லை. அன்று மைக்கில் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது சொல்கிறேன். இந்த ஊரில் நாங்கள் எதைத் தடுத்தோம், எதைத் தடுக்கவில்லை என்று நீயும் தெரிந்துகொள், துண்டு போர்த்தியவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் அப்பா இறந்த வருஷக் கடைசியில் தலைவர் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். “பஞ்சாயத்துல பொம்பள உறுப்பினர் ஒருத்தர் இருந்தே ஆவணும்னு சட்டம். நீ வந்து ஒக்காந்தா போதும். டீ குடி, கையெழுத்து போடு, அவ்ளோதான். பேசக்கூட வாணாம்” என்றார். நான் பேசவும் இல்லை. தெரு விளக்கு, குடிதண்ணீர்க் குழாய், பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டி என்று எது வந்தாலும் பெயரை எழுதிவிட்டு வந்தேன். வாசலில் கால் கழுவும்போதே நீ கேட்பாய், “இன்னாமா மெம்பரு, இன்னிக்கி எத்தினி டீ?” அப்போது உன் சிரிப்பு உன்னுடையதாக இருந்தது.

ஷெட் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். வாலாஜாபாத் ரோட்டு வளைவில் தகரக் கூரை போட்டு, தலைவலித் தைலமும் மாத்திரையும் செய்யப் போகிறோம் என்று மெட்ராஸ்காரர் ஒருவர் லைசென்ஸ் கேட்டார். கொடுத்த தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. நீ பத்தாவதோடு நின்று, சேரப்பணஞ்சேரி செங்கல் சூளையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாய். ஷெட்டில் சேர்ந்த அன்று வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றாய். குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “எம் புள்ள மருந்து செய்றான்” என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். நிழலில் வேலை, கையில் மண் ஒட்டாத வேலை. ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். எந்த மருந்து, யாருக்கு என்று கேட்கவில்லை. பிள்ளை ஒரு வேலைக்குப் போனால், என்ன வேலை என்று கேட்பதோடு, அந்த வேலையில் செய்த பொருள் எந்த வாசலுக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் நீயாவது கேள்.

சாராயக் கடைகளை அரசாங்கம் மூடியபோது ஊரே மூச்சு விட்டது. அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் எதிர்வீட்டு ரமணி பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு நேராக வந்துவிட்டாள். கூட்டத்தில் வெளியாட்கள் பேசக் கூடாது என்று கிளார்க் சொல்லச் சொல்ல, முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் நாலைந்து மாத்திரைகளை உருட்டிவிட்டாள். “எம் புருசன் பாக்கெட்ல இருந்துது. சோடாவுல போட்டுக் குடிச்சிட்டு பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து சிரிச்சிக்கினே கீறான். சாராயம் குடிச்சா நாத்தம் வரும். கதவத் தொறக்கும்போதே தெரிஞ்சிடும், நாலு சாத்து சாத்துவேன். இதுல நாத்தமே இல்ல தலீவரே. நா எத வெச்சி அடிப்பேன்?” கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன். மாத்திரைகள் மஞ்சள் நிறத்தில், நடுவில் ஒரு கோட்டோடு இருந்தன. அதே மாத்திரையை உன் கோட்டுப் பாக்கெட்டைத் துவைக்கும்போது பார்த்திருந்தேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

தடை செய்ய வேண்டும் என்று அன்றுதான் முதல்முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தேன். எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் எதைத் தடை செய்வது என்பதில் சிக்கல் வந்தது. அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. “பேரு தெரியாதத எப்படிமா தடை பண்றது?” என்றார் தலைவர். கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அடையாளம் எழுதிடலாங்க. பட்டியில அடைச்ச மாட்டுக்கு எழுதறோமே, அதே மாதிரி” என்றார். மாட்டைப் பிடித்து அடைத்தால் நிறம், கொம்பு, சுழி, சூட்டுத் தழும்பு என்று எழுதி வைப்பார்கள். சொந்தக்காரன் வந்து கேட்கும்போது மாடு மாறிவிடக் கூடாது அல்லவா? அதே முறையில் எழுதினார்: நிறம் மஞ்சள், உருவம் வட்டம், நடுவில் கோடு ஒன்று, ஓரம் மழுங்கல். இந்த அடையாளம் உள்ள மாத்திரையை இந்த ஊராட்சி எல்லைக்குள் யாரும் விற்கவோ வாங்கவோ கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு அது மிக நேர்த்தியாகப் பட்டது. மாடு தன் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை என்பதால்தான் அந்த முறை பட்டிக்குச் சரியாக இருக்கிறது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று சாப்பிடும்போது பெருமையாக உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிறம், கோடு, ஓரம் எதையும் விடவில்லை. நீ தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாய். தண்டோரா போடும் ஏழுமலை வெளியூரில் ஒரு சாவுக்குப் போயிருந்ததால் சில நாள் கழித்துத்தான் தெருவில் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. “மஞ்சக் கலரு மாத்திர, நடுவுல கோடு போட்டது, யாரும் விக்கப்படாது, திங்கப்படாது, பஞ்சாயத்து உத்தரவு” என்று அவன் கத்திக்கொண்டு போக, பின்னால் ஓடிய பையன்கள், “எந்தக் கடையில விக்குதுண்ணா? அதச் சொல்லாமப் போறியே!” என்று கேட்டார்கள். அதுவரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத தெருக்களுக்கும் அன்று தெரிந்துபோனது. காலனிப் பக்கம் ஒரு கிழவர் ஏழுமலையை நிறுத்தி, முட்டி வலிக்கு அது கேட்குமா என்று விசாரித்தாராம்.

அன்று மாலை நீ வீட்டுக்கு வந்தபோது உன் விரல்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. நகக்கண்ணெல்லாம் சாயம். “இன்னாடா இது, கல்யாண வூட்ல ஆரத்தி கரச்சியா?” என்றேன். “கலரு பவுடர்மா. மஞ்சள நிறுத்தியாச்சு. இனிமே ரோசு, கோடு கெடையாது” என்றாய். ஏன் என்றதற்கு என்னையே ஒரு மாதிரி பார்த்தாய். “நீதானமா சொன்ன, மஞ்சள தட பண்ணிட்டீங்கன்னு. மொதலாளிகிட்ட சொன்னேன். கதிரு, நீ இல்லன்னா மாட்டிக்கினு இருப்போம்டான்னு தோள்ள தட்டிக் குடுத்தாரு.” நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். ‘அம்மா, இதையும் ஊர்ப் பலகையில ஒட்டணுமா? அண்ணன் பேரு கெட்டுப்போயிடாதா?’ என்று இப்போது உன் தங்கை கேட்கிறாள். எழுதுடி, நீதானே கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்றாய் என்று சொல்லியிருக்கிறேன். எழுதுகிறாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதுகிறாள்.

ரோஜா நிறத்துக்கு ஒரு தீர்மானம் போட்டோம். வெள்ளையில், நீள வாக்கில் வந்தது. அதற்கும் போட்டோம். பச்சையில் வந்தது. ஏழுமலையே அலுத்துப்போய், “தலீவரே, எல்லாக் கலரையும் ஒரே தபா சொல்லிடறேனே, தொண்ட போவுது” என்றான். நானும் ஒவ்வொரு முறையும் வீட்டில் பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் நீ தட்டில் கை வைத்தபடி, “இன்னிக்கி இன்னாமா பேசினீங்க?” என்று கேட்பாய். உன் அப்பா போனபிறகு நம் வீட்டில் என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. சொல்லிவிடுவேன். நாளைக்கு ஷெட்டில் என் பிள்ளைக்கு மரியாதை கூடும் என்பதும் மனசின் ஒரு ஓரத்தில் இருந்தது. பகலில் தடை போட்டுவிட்டு இருட்டியதும் அதற்கு வழி சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஊரார் இதைப் படித்துவிட்டு அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்டால், மடித்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டு போகலாம்.

தலைவர் மேலே எழுதிப் போட்டு, கடைசியில் மருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷர். எங்கள் தீர்மானங்களைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. ஷெட்டிலிருந்து மாத்திரைகளைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார். வெகுநாள் கழித்துத் திரும்ப வந்து, “அம்மா, தடை பண்ண மருந்துக்கெல்லாம் அரசாங்கத்துல பட்டியல் இருக்கு. இது அந்தப் பட்டியல்ல இல்ல. அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு, ஆனா அது இல்ல. இதையும் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கேன்” என்றார். சேர்ப்பார்களா என்று கேட்டேன். “சேர்ப்பாங்க. அதுக்குள்ள அவங்க இதைச் செய்யறத நிறுத்திட்டு இன்னொண்ணு செய்வாங்க” என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. உன்னைத்தான் கேட்டேன். நீ விளக்கமாகச் சொன்னாய்: “மேல கலர மாத்தற மாதிரி உள்ளயும் மாத்தறாங்கமா. ஒரு ஆளுக்கு ஒரு கைய எடுத்துட்டு வேற கைய வெச்சா, போலீசு வெச்சிருக்கிற போட்டோவுல அவன் இல்லல்ல? ஆனா அடி அதே அடிதான்.” எங்கள் பஞ்சாயத்து மாட்டுக்கு எழுதுவது போல எழுதியது. மேலே இருப்பவர்கள் படித்தவர்கள், மருந்தின் உடம்புக்குள் போய் எழுதினார்கள். முடிவு இரண்டுக்கும் ஒன்றுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறி எடுத்திருந்தேன். நீ வாயில் சோற்றை வைத்தாய், மெல்லவில்லை. கண் மூடிக்கொண்டது. சோறு வாயில் இருந்தபடியே உட்கார்ந்து தூங்கினாய். செல்வி உன் கன்னத்தைத் தட்டினாள். விழித்து, சிரித்து, “உப்பு கம்மிமா” என்றாய். உப்பு அன்று கையை மீறிக் கொட்டிவிட்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் விட்டுக் கலந்துதான் சாப்பிட்டோம். “தின்றியாடா?” என்று கேட்டேன். “திங்கலமா. உள்ள மாத்தனா வேல செய்துதான்னு யாராவது நாக்குல வெச்சிப் பாக்கணும்ல? மொதலாளி என்னத்தான் நம்பறாரு” என்றாய். புதிதாக ஒன்று செய்யும்போதெல்லாம் அது ஆளை எப்படி அடிக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது. அது நான் பெற்ற உடம்பு. நாங்கள் தீர்மானம் போடப் போட, மாத்திரை மாற மாற, நீ நாக்கில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

மறுநாளே தலைவர் வீட்டுக்குப் போனேன். மாத்திரையைத் தடுக்க நமக்கு அதிகாரம் இல்லை, ஆனால் ஷெட் நடத்த லைசென்ஸ் நாம் கொடுத்ததுதானே, புதுப்பிக்காமல் விடலாமே என்றேன். கூட்டம் கூடியது. “நம்ம ஊரு பொண்ணுங்க பாதி அங்கதான் அட்டப் பொட்டி ஒட்டுதுங்க. மூடிட்டா நீ சோறு போடுவியாமே?” என்று ஓர் உறுப்பினர் கத்தினார். இன்னொருவர், “இவ புருசன் இருந்தா இப்டி ஆடுவாளா?” என்றார். ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக வந்து நின்றன. மிச்சம் நான் ஒருத்தி. “யோசிச்சி சொல்லு. உம் புள்ளயும் அங்கதான் கீறான்” என்றார் தலைவர். கையைத் தூக்கினேன். சொந்தப் பிள்ளையின் வேலையைக்கூடப் பார்க்காமல் ஊருக்காகத் தூக்கினாள் என்று மைக்கில் சொன்னார்கள். பொய். ஊர் அப்போது என் நினைவில் இல்லை. ரமணிகூட இல்லை. ஷெட் போனால் நீ வீட்டில் இருப்பாய், கொஞ்ச நாளில் தெளிவாய், மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி எதிலாவது சேர்த்துவிடச் சொல்லித் தலைவர் காலில் விழலாம். அந்த எண்ணத்தில்தான் என் கை மேலே போனது.

நீ கோபிப்பாய் என்று பயந்துகொண்டிருந்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “நல்லதாப் போச்சும்மா” என்றாய். “இங்க கரண்ட்டே சரியில்ல, மொதலாளி ரொம்ப நாளா வேற எடம் பாத்துக்கினு இருந்தாரு. பாலாத்துக்கு அந்தாண்ட கெடச்சிடுச்சி. அங்க பெரிய மெஷினு. நான்தான் சூப்பர்வைசரு.” உன்னை எதற்காக என்றேன். “ஊரு ஊரா பஞ்சாயத்து கீதுமா. அங்கயும் இதே மாதிரி தீர்மானம் போடுவாங்க. அவங்க இன்னா எழுதுவாங்க, எப்ப எழுதுவாங்கன்னு உனக்குத்தான்டா தெரியும், நீ மெம்பரு புள்ளைன்னாரு.” அதைப் பெருமையாகச் சொன்னாய். என் மனசு நோகும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. சோற்றுத் தட்டில் வைத்து நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததுதான் உன் வேலையாகிவிட்டது.

ஷெட் மூடிய வாரத்திலேயே காஞ்சிபுரம் பஸ்ஸில் நீல மாத்திரை வந்து இறங்கிவிட்டது. ரமணி என்னிடம் வந்து சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்திருப்பாள். நேற்று அவள் புருஷனைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து அவளும் செல்வியும்தான் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் அவனை இறக்கும்போது, “அக்கா, ஒங்கள ஒண்ணு கேக்கட்டா? உங்க புள்ள இப்ப செய்றது எந்தக் கலரு?” என்றாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரிந்தால் புருஷனின் பாக்கெட்டில் அதைத் தேடலாமே. 

அறிவுரை சொல்ல வேண்டிய இடம் இது. போகும் பிள்ளைக்கு நல்ல பெயர் எடு, பெரியவர்களை மதி என்று மற்ற தாய்மார்கள் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. போகாதே என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன், நீ சிரித்தாய். அந்த வேலையைச் செய்யாதே என்றால் வேறொருவன் செய்வான் என்பாய்.  கேட்பது ஒன்றுதான். உன் நாக்கில் வைக்காதே. அதைச் சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ வைக்காவிட்டால் அங்கே வேறு ஒருத்தி பெற்ற பிள்ளையின் நாக்கில் வைப்பார்கள். அது தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன். உன் நாக்கில் வைக்காதே, கதிரு. உப்பு எவ்வளவு என்று மறுபடியும் உனக்குத் தெரிய வேண்டும். குழம்பில் இன்று சரியாகத்தான் போட்டிருக்கிறேன்; செல்வி பார்த்துச் சொல்லிவிட்டாள்.

இன்னும் ஏதாவது உண்டா என்கிறாள் செல்வி. உண்டு, அவன் வந்து உட்காரட்டும், மிச்சத்தை நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து குழம்பைச் சுட வைத்தேன். “மா, லாரி ஸ்டார்ட் பண்ற சத்தம் கேக்குது” என்றாள். சாப்பிடாமல் போக மாட்டான், தட்டைப் போடு என்றேன். போட்டாள். ஜன்னலுக்குப் போய் நின்றாள். இன்னாடி தெரியுது என்றேன். வந்து உட்கார், என்ன பார்த்தாயோ அதை எழுதி முடி என்றேன். செல்வி பார்த்தது இதுதான்: லாரி ரோட்டுக்கு வந்து வாலாஜாபாத் பக்கம் திரும்பிவிட்டது. மெஷினுக்குப் பக்கத்தில் மூட்டைகள் மேல் யாரோ ஒருவர் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. முகம் தெரியவில்லை. நம் தெருவுக்குள் யாரும் வரவில்லை. ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.